சவ்வு தானாக வளைவதில்லை: மேல்நிலை வகுப்பு உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களே,

பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் நீங்கள் வளர்த்து அனுப்பும் பிள்ளைகள்தான் ஓரிரு ஆண்டுகளில் என் வகுப்புக்கு வந்து உட்காருகிறார்கள். செல் உயிரியல் பாடம் தொடங்கும்போது நான் பலகையில் ஒரு கோடு போடுவேன். அது செல் சவ்வு. பக்கத்தில் அதே கோட்டில் ஒரு சிறு பள்ளம். அடுத்து ஆழமான பள்ளம். பிறகு வாய் சுருங்கிய பள்ளம். கடைசியில் கோட்டிலிருந்து விடுபட்டு உள்ளே மிதக்கும் ஒரு வட்டம். இது என்ன என்று கேட்டால், வகுப்பு முழுக்க ஒரே குரலில் "எண்டோசைட்டோசிஸ்" என்கிறது. ஃபேகோசைட்டோசிஸ், பினோசைட்டோசிஸ், ஏற்பி வழியாக உள்ளெடுத்தல் என்று வகைகளையும் தடுமாறாமல் சொல்கிறார்கள். அந்த அடித்தளம் நீங்கள் போட்டது. அதற்கு முதலில் என் நன்றி.

முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவில் கோட்டை வளைத்தது எது என்று அடுத்துக் கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். சிலர், "உள்ளே வருகிற பொருள் அழுத்துகிறது" என்பார்கள். சிலர், "சவ்வு நெகிழும் தன்மை உடையது, அதனால் வளைகிறது" என்பார்கள். இதற்கு உங்களையோ பிள்ளைகளையோ குறை சொல்ல மாட்டேன். நம் பாடநூல்களில் அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும்; அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் இருக்காது. ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளாக உலகின் மிகக் கூர்மையான செல் உயிரியலாளர்கள் பலர் அந்த அம்புக்குறிக்குள்தான் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் ஒரு பகுதியையாவது நம் பிள்ளைகள் பதினேழு வயதில் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

செல் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். சிங்கரும் நிக்கல்சனும் 1972-இல் தந்த திரவ மொசைக் மாதிரியைத்தான் நாம் எல்லோரும் நடத்துகிறோம். லிப்பிடு மூலக்கூறுகள் பக்கவாட்டில் தாராளமாக நகர்கின்றன என்று அதில் சொல்லும்போது, சவ்வு எந்த வடிவத்துக்கும் எளிதில் இணங்கிவிடும் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் படிந்துவிடுகிறது. பக்கவாட்டில் நகர்வது வேறு, வளைவது வேறு. வளைத்தால் ஒரு பக்கத்து லிப்பிடுத் தலைகள் விலக வேண்டும், மறுபக்கத்துத் தலைகள் நெருங்க வேண்டும். சவ்வு இதை எதிர்க்கும்.

எவ்வளவு எதிர்க்கும் என்று கணக்குப் போட வழி செய்தவர் வொல்ஃப்காங் ஹெல்ஃபிரிக் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர். திரவப் படிகங்களில் ஊறியவர் அவர். 1970-இல் பாசல் நகரில் மார்ட்டின் ஷாட்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய திரவப் படிகத் திரைதான் பின்னாளில் நம் கைக்கடிகாரங்களிலும் கால்குலேட்டர்களிலும் வந்தது. அதே சிந்தனையை அவர் 1973-இல் செல் சவ்வின்மேல் திருப்பினார். தட்டையான சவ்வை மூடிய உருண்டையாக்க எவ்வளவு ஆற்றல் ஆகும்? சவ்வின் விறைப்பு எண்ணை 8π-ஆல் பெருக்கினால் விடை கிடைக்கும். அந்த விடையில் உருண்டையின் ஆரம் எங்கும் வருவதில்லை என்பதுதான் வியப்பு. 40 நானோமீட்டர் உருண்டையாக இருந்தாலும் 400 நானோமீட்டர் உருண்டையாக இருந்தாலும் வளைப்பதற்கான செலவு ஒன்றே. சாதாரண லிப்பிடு சவ்வின் விறைப்பு, மூலக்கூறுகளின் வெப்ப அசைவு ஆற்றலைப்போல் சுமார் 20 மடங்கு. 8π என்பது ஏறக்குறைய 25. பெருக்கிப் பார்த்தால் வெப்ப அசைவைப்போல் சுமார் 500 மடங்கு ஆற்றல். செல்லுக்குள் ஓர் ஏடிபி மூலக்கூறு உடைந்தால் கிடைப்பது ஏறத்தாழ 20 மடங்கு. ஆக, தற்செயலான அசைவில் ஒரு சவ்வு தானே உருண்டையாகிக் கழன்று விழும் என்று எதிர்பார்க்கவே முடியாது. யாரோ வளைக்க வேண்டும், அதற்கு விலையும் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கை உங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரையும் அழைத்து இருவருமாகச் சேர்ந்து நடத்தினால் அது ஒரு நல்ல வகுப்பாக அமையும். உயிரியல் மாணவர்கள் கணக்கைக் கண்டு ஒதுங்குகிறார்கள் என்று நாம் வருந்துகிறோமே, இங்கே ஒரே ஒரு பெருக்கல்தான், கைமேல் பலன்.

விலை கொடுத்துச் செய்யும் இந்த வேலை அரிதாக நடப்பதென்றாலாவது விட்டுவிடலாம். ஆனால் அது அரிதல்ல. 1976-இல் ரால்ஃப் ஸ்டெயின்மனும் உடன் ஆய்வாளர்களும் வளர்ப்புத் தட்டில் இருந்த மேக்ரோஃபேஜ் செல்களை அளந்தார்கள். ஏறத்தாழ அரைமணி நேரத்துக்குள் அவை தம் மேற்பரப்பு முழுமைக்கும் சமமான சவ்வை உள்ளே எடுத்துக்கொண்டன. அதே அளவு சவ்வு திரும்ப வெளியே வந்துகொண்டும் இருந்தது. அசையாமல் இருப்பதுபோல் நாம் வரைகிற அந்த எல்லைக்கோடு உண்மையில் இடைவிடாமல் மடிந்து, கழன்று, மீண்டும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், கொசுவிலிருந்து தொடங்குங்கள் என்பேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பெண் கொசு இரத்தம் குடித்த பிறகுதான் அதன் முட்டைகளில் மஞ்சள்கரு சேர்கிறது. ஹார்வர்டில் தாமஸ் ராத், கீத் போர்ட்டர் இருவரும் அந்த முட்டைச் செல்களை மெல்லிய சீவல்களாக்கி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இரத்தம் குடித்த பின் செல்லின் மேற்பரப்பில் சுமார் 140 நானோமீட்டர் அளவுள்ள குழிகள் 15 மடங்கு பெருகியிருந்தன. ஒவ்வொரு குழியின் உட்புறத்திலும், அதாவது செல்லுக்குள் நோக்கிய பக்கத்தில், குச்சிகுச்சியாக ஒரு மேலுறை இருந்தது. மஞ்சள்கருப் புரதம் அந்தக் குழிகளில் ஒட்டி உள்ளே போகிறது என்று 1964-இல் எழுதினார்கள். வளைந்த இடத்தில் எல்லாம் மேலுறை இருக்கிறது. அப்படியென்றால் மேலுறைதான் வளைக்கிறதா? அந்தக் கேள்வி அன்று பிறந்தது.

மேலுறை எதனால் ஆனது என்று தெரிய மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. 1969-இல் ஜப்பானில் கனசெக்கி, கடோட்டா இருவரும் கினிப் பன்றியின் மூளையிலிருந்து எடுத்த நுண்பைகளைப் பார்த்து, அந்த மேலுறை ஐங்கோணங்களும் அறுகோணங்களும் கோத்த கூடு என்று காட்டினார்கள். 1975-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள எம்ஆர்சி மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பார்பரா பியர்ஸ் என்ற ஆய்வாளர், பன்றி மூளைகளிலிருந்து மேலுறை பூண்ட நுண்பைகளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். மேலுறையில் பெரும்பகுதி ஒரே புரதம். அதற்கு கிளாத்ரின் என்று பெயரிட்டார். மூன்று கால்கள் மையத்தில் இணைந்த வடிவம் அதற்கு. அந்த மூன்று கால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகின்றன. வெறும் அறுகோணங்களால் ஆன வலை தட்டையாகவே கிடக்கும். மூடிய உருண்டையாக வேண்டுமென்றால் அதில் சரியாக 12 ஐங்கோணங்கள் வந்தாக வேண்டும். ஆய்லரின் வடிவியல் விதி அது. கூடு பெரிதோ சிறிதோ, அறுகோணங்களின் எண்ணிக்கை மாறும், 12 மாறாது.

கிளாத்ரின் குழிகள் ஏன் நம் உடம்புக்கு முக்கியம் என்பதற்கு, டாலஸ் நகரில் மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் செய்த ஆய்வைவிடச் சிறந்த சான்று கிடையாது. பரம்பரையாக இரத்தத்தில் கொழுப்பு மிகுந்து சிறுவயதிலேயே மாரடைப்பு வரும் பிள்ளைகளின் தோல் செல்களை அவர்கள் வளர்த்துப் பார்த்தார்கள். இயல்பான செல்கள் எல்டிஎல் கொழுப்புத் துகள்களை ஏற்பியால் பிடித்து, கிளாத்ரின் குழி வழியாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பெரும்பாலான நோயாளிகளின் செல்களில் அந்தப் பிடிப்பே நடக்கவில்லை. ஒரு நோயாளியின் செல்கள் மட்டும் வேறு விதம். ஏற்பி இருந்தது, எல்டிஎல்லை நன்றாகவே பிடித்தது. ஆனால் பிடித்த ஏற்பி குழிக்குள் சேராமல் மேற்பரப்பில் சிதறிக் கிடந்தது. துகள் வாசலிலேயே நின்றுவிட்டது. 1986-இல் காரணம் தெரிந்தது: 839 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த ஏற்பியில், செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு வாலில், ஒரு டைரோசின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன். ஓர் எழுத்து மாறியதால் குழிக்குள் போகும் அனுமதி போயிற்று. இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று நம் வீடுகளில் பெரியவர்கள் இரவில் போட்டுக்கொள்ளும் ஸ்டேட்டின் மாத்திரை, கல்லீரல் செல்களில் இந்த ஏற்பிகளைக் கூட்டி, இந்தக் குழிகள் வழியாகவே இரத்தத்தின் எல்டிஎல்லைக் குறைக்கிறது. இதை வகுப்பில் சொன்னால், தாத்தாவின் மாத்திரை அட்டையைப் பார்க்கும் பிள்ளையின் பார்வையே வேறாகிவிடும்.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய ஆய்வாளருக்கு வருகிறேன். பியர்ஸ் கிளாத்ரினைக் கண்ட அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் 1990-களின் நடுவில் வந்து சேர்ந்தவர் ஹார்வி மக்மாஹன். நரம்பு முனைகளில் நடக்கும் எண்டோசைட்டோசிஸ் அவருடைய துறை. சவ்வின் வடிவம் என்பது புரதங்கள் செய்த வேலையின் விளைவு மட்டும்தானா, அல்லது அந்த வடிவமே ஒரு செய்தியா என்று அவர் குழு தொடர்ந்து கேட்டது. எனக்கு அது இத்துறையின் மிக அழகான கேள்வியாகத் தோன்றுகிறது.

முதலில் எப்சின் என்ற புரதம். 2002-இல் மக்மாஹன் குழுவின் மரைன் ஃபோர்டும் மற்றவர்களும் தூய எப்சினைச் செயற்கை லிப்பிடு உருண்டைகளோடு கலந்தார்கள். உருண்டைகள் சுமார் 20 நானோமீட்டர் விட்டமுள்ள மெல்லிய குழாய்களாக நீண்டன. கிளாத்ரின் இல்லை, ஏடிபி இல்லை. ஒரே ஒரு புரதம். அதன் ஒரு முனை, கரைசலில் இருக்கும்போது ஒழுங்கான உருவம் இல்லாமல் இருக்கும். சவ்வின் உட்புற அடுக்கில் உள்ள பிஐபி2 என்ற லிப்பிடைத் தொட்டதும் அந்த முனை சுருண்டு ஒரு சுருளாகிறது. அந்தச் சுருளின் ஒரு பக்கம் நீரை விரும்பும், மறுபக்கம் கொழுப்பை விரும்பும். அதனால் அது சவ்வின் ஒரே அடுக்கில் பாதி ஆழத்துக்குப் புதைகிறது. ஒரு அடுக்கில் மட்டும் இடம் நெருக்கடியானால் சவ்வு எந்தப் பக்கம் வளையும்? இதைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தாளை எடுத்து வளைத்துப் பார்த்து அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாண்டு கழித்து வந்தது பார் டொமைன் என்ற புரதப் பகுதி. பழ ஈயின் ஆம்பிஃபைசின் புரதத்தில் உள்ள இந்தப் பகுதியை அவர்கள் படிகமாக்கி எக்ஸ் கதிரால் பார்த்தார்கள். இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்த ஜோடி அது. ஆய்வாளர்களே அதற்குச் சொல்லும் வருணனை வாழைப்பழம், அப்படித்தான் வளைந்திருக்கிறது. உட்குழிந்த பக்கத்தில் நேர் மின்னூட்டம் நிறைந்திருக்கிறது. சவ்வின் உட்புற லிப்பிடுகள் எதிர் மின்னூட்டம் கொண்டவை. ஆக, அந்த வளைவில் பொருந்தக்கூடிய சவ்வு கிடைத்தால் இது இறுகப் பற்றும். பெரிய லிப்பிடு உருண்டைகளைவிட, தன் வளைவுக்கு ஏற்ற சிறிய உருண்டைகளில் இது அதிகமாக ஒட்டுவதை அவர்கள் காட்டினார்கள். அளவு மிகும்போது தானே சவ்வைக் குழாயாக வளைக்கவும் செய்கிறது. ஒரே புரதம், வளைவை உணர்கிறது. வளைவை உண்டாக்கவும் செய்கிறது. அதே குடும்பத்தில் வளைவு குறைந்தவையும் உண்டு. எதிர்ப்பக்கம் வளைந்து, சவ்வை வெளிப்புறம் துருத்தச் செய்பவையும் உண்டு.

இதை வைத்து அந்த அம்புக்குறியைத் திரும்பப் பாருங்கள். குழி தொடங்கும்போது வளைவு மிகக் குறைவு. ஆழமில்லாத வளைவு கொண்ட எஃப்சிஎச்ஓ புரதங்களுக்கு அது ஏற்ற இடம். குழி ஆழமாகி அதன் கழுத்து குறுகும்போது, இறுக்கமான வளைவை விரும்பும் ஆம்பிஃபைசினும் அதே பார் குடும்பத்து எண்டோஃபிலினும் அங்கே வந்து சேர்கின்றன. அவை வெட்டும் புரதமான டைனமினை அழைத்து வருகின்றன. யாரும் மேலிருந்து கட்டளையிடவில்லை. முந்தைய கட்டத்தின் வடிவமே அடுத்தவருக்கு அழைப்பு. மேலுறை பூண்ட ஒரு குழி தொடங்கிப் பையாகக் கழன்று போக ஒரு நிமிடம் அளவில் ஆகிறது. அந்த ஒரு நிமிடத்துக்குள் டஜன் கணக்கான புரதங்கள் முறை தவறாமல் வந்து போகின்றன. காலத்தை வடிவத்தில் எழுதிப் படிக்கும் ஏற்பாடு என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. செல் உயிரியல் கற்பித்துவரும் இத்தனை காலத்தில் இவ்வளவு நிறைவு தந்த வேறொரு கருத்தை நான் படித்ததில்லை.

எதிர்பாராத விடைகளும் கிடைத்தன. மக்மாஹனும் பங்கேற்ற ஒரு குழுவினர் ஆம்பிஃபைசின் முழுவதும் இல்லாத பழ ஈக்களை உருவாக்கிப் பார்த்தார்கள். நரம்பு முனை எண்டோசைட்டோசிஸ் நின்றுபோகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது ஒழுங்காக நடந்தது. கெட்டுப்போனது தசை. தசைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கி, சுருங்கச் சொல்லும் சமிக்ஞையை ஆழம் வரை கொண்டுபோகும் டி-குழல்கள் தாறுமாறாகிவிட்டன. ஈக்களால் பறக்க முடியவில்லை. 2001-இல் வந்த இந்த முடிவு, மனிதரிலும் பொருந்துவது பின்னர் தெரிந்தது. ஆம்பிஃபைசினின் உறவுப் புரதமான பின்1-இல் பிழை வந்தாலும், டைனமின்2-இல் பிழை வந்தாலும், தசை நார்களின் உட்கரு நடுவில் வந்து நிற்கும் ஒருவகைத் தசை நலிவு நோய் உண்டாகிறது. குழலாக நீண்ட சவ்வைக் கட்டிக் காப்பதும் குழிந்த சவ்வைக் கழற்றுவதும் ஒரே கருவிகளால் நடக்கின்றன. நம் ஒவ்வொரு அசைவுக்கும் சவ்வின் வடிவம் துணை நிற்கிறது.

இன்னொன்று. 2015-இல் இம்மானுவேல் பூக்ரோவும் மக்மாஹனும் எண்டோஃபிலினைப் பின்தொடர்ந்து சென்று, கிளாத்ரினே இல்லாத ஒரு வழியைக் கண்டார்கள். அட்ரினலின் ஏற்பி போன்றவை தூண்டப்பட்டதும் சில நொடிகளில் குழாய் குழாயாக உள்ளே இழுக்கப்படும் வேகமான வழி அது. பெங்களூரு என்சிபிஎஸ் நிறுவனத்தில் சத்யஜித் மேயரின் குழு, கிளாத்ரினும் டைனமினும் தேவைப்படாத மற்றொரு வழியைப் பல ஆண்டுகளாகத் துலக்கியது. அதில் எதிர்ப்பக்கம் வளைந்த பார் புரதமான ஐஆர்எஸ்பி53 பங்கெடுப்பதை 2018-இல் காட்டியது. பாடநூலில் மூன்று வகையாக அடைத்துவைத்த எண்டோசைட்டோசிஸ் உண்மையில் எத்தனை வாசல்கள் கொண்டது என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. அதில் நம் நாட்டு ஆய்வகத்துக்கும் பங்கு இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் முடிந்த முடிவாக நடத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எப்சின் சுருளைப் புதைத்து வளைக்கிறது என்ற விளக்கத்தை ஜீன் ஸ்டாகோவியாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் கேள்விக்கு உட்படுத்தினார்கள். வளைப்பதற்கென்று எந்த அமைப்பும் இல்லாத பச்சை ஒளிர் புரதத்தையே அவர்கள் சவ்வின் ஒரு பக்கத்தில் நெருக்கி ஒட்டவைத்தார்கள். சவ்வு குழாயாக நீண்டது. புரதங்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளும் நெருக்கடியே போதுமானது, சுருள் கட்டாயமில்லை என்பது அவர்கள் வாதம். கிளாத்ரினிலும் சச்சரவு உண்டு. வலை தொடக்கம் முதலே வளைந்துகொண்டே வளர்கிறதா, அல்லது முதலில் தட்டையாகப் பரவிவிட்டுப் பிறகு வளைகிறதா? 1980-இலேயே ஜான் ஹியூசர் தட்டையான கிளாத்ரின் வலைகளைப் படம் பிடித்திருந்தார். 2015-இல் ஹைடெல்பெர்கில் காக்சோனன், பிரிக்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஒளி நுண்ணோக்கியையும் மின்னணு நுண்ணோக்கியையும் இணைத்துப் பார்த்து, முதலில் தட்டை, பிறகு வளைவு என்றன. எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. என் கணிப்பைக் கேட்டால், ஒரே ஒரு காரணி மட்டும் எல்லா இடத்திலும் வளைக்கிறது என்பதை நான் ஏற்க மாட்டேன். சுருள், வளைந்த சட்டம், நெருக்கடி, வலை, தேவைப்பட்டால் ஆக்டின் இழைகளின் தள்ளுவிசை என்று எல்லாம் அந்த 500 மடங்கு ஆற்றலில் ஆளுக்கொரு பங்கு செலுத்துகின்றன. ஈஸ்ட் செல்லின் உள் அழுத்தம் மிக அதிகம். அங்கே ஆக்டின் இல்லாமல் குழியே விழாது.

கழுத்தை வெட்டுவது யார் என்ற கதைக்கு ஒரு முழு வகுப்பைக்கூட ஒதுக்கலாம். 1973-இல் கனடாவின் வான்கூவரில் டேவிட் சுசுகியின் ஆய்வகம் ஷிபிரே என்ற பழ ஈ வகையை அறிவித்தது. சாதாரண அறை வெப்பத்தில் நன்றாகப் பறக்கும். 29 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனால் செயலிழந்து விழும். மீண்டும் குளிர்வித்தால் சில நிமிடங்களில் எழுந்து நடக்கும். கொசாக்கா, இகேடா இருவரும் 1983-இல் அந்த ஈக்களின் நரம்பு முனைகளைச் சூட்டிலேயே பதப்படுத்திப் பார்த்தார்கள். சமிக்ஞை வேதிப்பொருளைச் சுமக்கும் நுண்பைகள் தீர்ந்துபோயிருந்தன. சவ்வில் குழிகள் குழிகளாக நின்றன. கழுத்து சுருங்கியிருந்தது, ஆனால் ஒன்றும் கழன்று விழவில்லை. பலகையில் நாம் வரையும் ஐந்து படங்களில் நான்காவதிலேயே காலம் நின்றுவிட்டது. 1989-இல் மாட்டு மூளையிலிருந்து வேறொரு தேடலில் கிடைத்த டைனமின் என்ற புரதமும், ஷிபிரே ஜீனின் புரதமும் ஒன்றே என்று 1991-இல் தெரிந்தது. டைனமின் கழுத்தைச் சுற்றி வளையம் வளையமாகச் சுருண்டு, ஜிடிபி உடைந்து தரும் ஆற்றலால் இறுக்குகிறது.

அது மட்டுமே போதுமா என்பது நெடுங்காலம் விவாதம். 2008-இல் கலிஃபோர்னியாவில் சாண்ட்ரா ஷ்மிட்டின் ஆய்வகத்தில் இருந்த தாமஸ் புக்கடியில், சிறு கண்ணாடி மணிகளின்மேல் உபரி லிப்பிடு சவ்வைப் போர்த்தி, தூய டைனமினையும் ஜிடிபியையும் சேர்த்தார். நுண்பைகள் கழன்று விழுவதை நேரடியாக நுண்ணோக்கியில் காட்டினார். பின்னர் அவர் புனே ஐசர் நிறுவனத்தில் தம் ஆய்வகத்தை அமைத்து, சவ்வை வெட்டும் புரதங்களையே தேடிவருகிறார். உங்கள் மாணவர்களில் யாராவது ஐசர் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறார்கள் என்றால் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

"இதெல்லாம் நீட் தேர்வுக்கு வருமா?" என்று ஒரு குரல் எழும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் பாடவேளைகளின் நெருக்கடியும் தெரியும். வராது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் கோவிட் தடுப்பூசி போட்ட நினைவு இருக்கிறது. கோவிஷீல்டு, சிம்பன்சி ஆடினோ வைரஸைச் சுமப்பானாகக் கொண்டது. ஆடினோ வைரஸ்கள் பெரும்பாலும் எண்டோசைட்டோசிஸ் வழியாகவே செல்லுக்குள் புகுகின்றன. எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் லிப்பிடு நுண்துகள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றையும் செல் பையாக மடித்துத்தான் உள்ளே எடுக்கிறது. ஆனால் உள்ளே போனால் மட்டும் போதாது. பையிலிருந்து தப்பி வெளியே வர வேண்டும். பையின் உட்புறம் அமிலமாகும்போது, துகளில் உள்ள சிறப்பு லிப்பிடு நேர் மின்னூட்டம் பெற்று, பைச் சவ்வின் லிப்பிடுகளோடு சேர்ந்து தட்டை அடுக்காக இருக்க முடியாத வடிவத்தை எடுக்கிறது. சவ்வு குலைகிறது, சரக்கு வெளியேறுகிறது. 2013-இல் டிரெஸ்டனில் மரீனோ செரியாலின் குழு இதே வகைத் துகள்களில் சிறு ஆர்என்ஏவை வைத்து அளந்தபோது, தப்பி வெளியே வந்தது 1 முதல் 2 சதவீதம் மட்டுமே. மீதி பையிலிருந்து தப்பவில்லை. இந்த எண்ணை இரு மடங்காக்கும் ஒருவர் மருந்தின் அளவையும் பக்க விளைவையும் விலையையும் குறைக்கக்கூடும். அவர் இப்போது உங்கள் வகுப்பில் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம். மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கலாம். அவருக்கு இந்தத் துறை இருக்கிறது என்று சொல்ல உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

கடைசியாக, கையால் செய்து பார்க்க ஒன்று. மின்னணு நுண்ணோக்கி வேண்டாம். பள்ளி ஆய்வகத்தின் சாதாரண கூட்டு நுண்ணோக்கி போதும். வைக்கோலைக் குளத்து நீரில் சில நாள் ஊறவைத்தால் பாரமீசியம் கிடைக்கும். ஈஸ்டுடன் சிறிது காங்கோ சிவப்புச் சாயம் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். இந்தச் சாயம் பென்சிடின் வகையைச் சேர்ந்தது. ஆகையால் தூளை ஆசிரியரே கையுறை போட்டு அளந்து கரைக்க வேண்டும், பிள்ளைகள் தொடக் கூடாது. சாயமேறிய ஈஸ்டில் ஒரு துளியைப் பாரமீசியத் துளியோடு கலந்து, ஓட்டத்தைக் குறைக்கச் சில பஞ்சு இழைகளை வைத்து, மூடிவில்லை போட்டுப் பாருங்கள். வாய்க்குழியின் அடியில் சவ்வு பையாக உப்பிக் கழன்று, சிவப்பு உருண்டையாகச் செல்லுக்குள் பயணம் போவது தெரியும். சில நிமிடங்களில் சில உருண்டைகள் நீலம் கலந்த ஊதாவாக மாறும். காங்கோ சிவப்பு பிஎச் 3-க்குக் கீழே அப்படித்தான் நிறம் மாறும். பைக்குள் அமிலம் சேர்கிறது என்று பொருள்.

எல்லோரும் பார்த்து முடித்த பிறகு மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதிவிடுங்கள். அந்தப் பைக்கான சவ்வு எங்கிருந்து வந்தது? அதை வளைத்தது எது? கழுத்தை வெட்டியது எது? முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் அன்றே விவாதம் நடத்தலாம். இரண்டாவதை அடுத்த வாரம் வரை அழிக்காமல் விட்டுவையுங்கள். பிள்ளைகள் கொண்டுவரும் விடைகளை, தவறானவற்றையும் சேர்த்து, எனக்கு எழுதி அனுப்பினால் மகிழ்வேன்.

அன்புடன்,
செல் உயிரியல் கற்பிக்கும் ஒரு கல்லூரி ஆசிரியை